எங்கே போகிறாய் என்று கேட்கிற ஊர்

இங்கிலீஷ் படிக்க பிலிப்பைன்ஸ் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் தெருவே தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தது. "இங்கிலீஷு கத்துக்க லண்டனுக்குப் போவாங்க. நீ இன்னாடி மேப்புல தேடிக் கண்டுபுடிச்சிகினு போற?" என்றார் எதிர்வீட்டு மல்லிகா அக்கா. அப்பாவின் சாயப் பட்டறைக்குப் பட்டு நூல் கொண்டுவருகிற அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். "அங்கயும் நம்பள மாதிரி சோறு துன்றவங்கதானாம். சோறு துன்றவன்கிட்ட இன்னா இங்கிலீஷு கத்துப்ப?"

இந்தப் பேச்சை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஜனங்கள் பேசுகிறதைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அம்மாவுக்குப் பாவு பிணைக்கிற வேலை. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். ஒரு பாவு முடியப் போகும்போது, அதன் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. கைக்கு ஓயாத வேலை, வாய்க்கு வேலையே இல்லை. அதனால் அந்த வேலைக்கு உட்காருகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அம்மாவோடு ஆரணியில் வீடு வீடாகப் போய், பக்கத்தில் உட்கார்ந்து இழை முறுக்கி, அப்படியே பேசக் கற்றுக்கொண்டவள் நான். எங்கள் தெருவில் ரேவதி வீடு எது என்று கேட்டால், "எந்த ரேவதி, வாயாடி ரேவதியா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட வாய்தான் ஒரு நாள் அடைத்துக்கொண்டது. வேலூரில் நான் படிக்கிற கல்லூரிக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனியிலிருந்து வந்திருந்தார்கள். எங்களை வட்டமாக உட்கார வைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்து, இங்கிலீஷில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாரும் பேசினார்கள். தப்பும் தவறுமாகக்கூடப் பேசினார்கள். நான் மட்டும் பேசவில்லை. முடிந்து எழுந்தபோதுதான் என் பெயரைக்கூட நான் சொல்லவில்லை என்பது உறைத்தது. அதே கம்பெனி விடுமுறை முடிந்ததும் மறுபடி வருகிறது என்றார்கள். அதிலும் வாய் திறக்காவிட்டால் படிப்பு முடிந்து நேராக வீடுதான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை ஜாதகம் ஒன்று ஏற்கனவே அலமாரியில் இருந்தது.

வாய் அடைத்த காரணம் அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அன்று காலை நான் படியிறங்கும்போது மல்லிகா அக்கா, "எங்கடி ஜோரா கெளம்பிட்ட?" என்று கேட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வெளியே கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். கேட்டே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்பார்கள். "ஆமாங்க" என்றோ, "இல்லீங்க, பக்கந்தான்" என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். யாராவது தவறிப்போய் எங்கே என்று கேட்டுவிட்டால், வீட்டுக்குள் திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அன்றைக்குக் கண்ணமங்கலம் வழி பஸ் வருகிற நேரம். நான் உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. ஓடிவிட்டேன்.

இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை என்றுதான் வெளியே சொல்லிக்கொள்வேன். ஆனால் ஊமையாக எழுந்து வந்த அந்த நாளுக்கு வேறு காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரயாண விவரங்களை விட்டுவிடுகிறேன். கல்லூரிக்கும் பிலிப்பைன்ஸில் பாகியோ என்ற ஊரில் உள்ள ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கும் ஏதோ ஏற்பாடு. பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் மிஞ்சியவள் நான். விமானத்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தும் தூங்கிவிட்டேன்.

பாகியோ ஒரு மலை ஊர். பைன் மரங்கள், மூடுபனி, நினைத்தால் மழை. பள்ளி விடுதியில் இடம் இல்லாததால் ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். நீல கேட், கேட்டுக்குள் பிரவுனி என்று ஒரு நாய், நாய்க்குப் பின்னால் டீட்டா லூஸ். டீட்டா என்றால் அங்கே அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஐம்பது வயதிருக்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார், ஆனால் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அறையில் ஹானா என்று ஒரு ஜப்பான்காரப் பெண் இருந்தாள். அவளும் கல்லூரி விடுமுறையில் இங்கிலீஷ் படிக்க வந்தவள். என்னைப் பார்த்துக் குனிந்தாள். நானும் குனிந்தேன். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

இனி வருகிற பேச்செல்லாம் அவர்கள் இங்கிலீஷில் பேசியவை. அவற்றை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். எனக்குள் அப்படித்தான் விழுந்தது.

முதல் நாள் காலையில் எழுந்ததும் வீடெல்லாம் கருவாட்டு வாசனை. ஒரு கணம் ஆரணியில் இருக்கிறோமோ என்று தோன்றிவிட்டது. பழைய சோற்றை நிறையப் பூண்டு போட்டு வதக்கி, பொரித்த கருவாடும் முட்டையும் வைத்து, தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் வினிகர். காலையிலேயே சோறு, அதுவும் கருவாட்டோடு! நூல்கார அண்ணன் சொன்னது சரிதான், நம்மைப் போலச் சோறு தின்கிறவர்கள்தான். "சாப்டியா?" என்பதுதான் டீட்டா கேட்ட முதல் கேள்வி. எழுந்து பல் தேய்த்ததும் கேட்டார், சாப்பிட்டு முடித்தபின்னும் கேட்டார். இது நம்ம ஊர்தான் என்று உள்ளே ஒரு தெம்பு வந்தது.

பையை மாட்டிக்கொண்டு செருப்புப் போட்டேன். டீட்டா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க போற?"

எனக்குக் காலில் ஆணி அடித்தது போல ஆயிற்று. ஸ்கூலுக்குத்தான் போகிறேன் என்பது அவருக்குத் தெரியும். அவர்தான் வழியே சொன்னவர். இருந்தும் முதல் நாள், முதல் வகுப்பு, வாசற்படியில் அந்தக் கேள்வி. செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். டீட்டா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அட, எங்க போற?"

மறுபடி உள்ளே, மறுபடி கட்டில், மறுபடி தண்ணீர். கேட்டுக்கு வெளியே ஹானா இரண்டு குடையோடு நின்றுகொண்டு, இது இந்தியாவில் ஏதோ காலைப் பிரார்த்தனை போலிருக்கிறது என்று மரியாதையாகத் தலையைக் குனிந்திருந்தாள்.

அங்கே அந்தக் கேள்வி நம்ம வணக்கம் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், தயிர் போல மெத்தென்ற சோயாப் பண்டத்தைத் தோளில் சுமந்து வந்து வெல்லப்பாகு ஊற்றி விற்கிறவர் கேட்கிறார், முகம் தெரியாதவர்கூடப் போகிற போக்கில் "எங்க?" என்கிறார். பதிலுக்கு "அந்தப் பக்கம்" என்று உதட்டைக் குவித்துக் காட்டினால் போதும். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த ஊர் முழுக்க மல்லிகா அக்காக்கள் என்பதுதான்.

ஊருக்குள் போகிற வண்டி ஜீப்னி. ஜீப்பை இழுத்து நீட்டின மாதிரி இருக்கும். பின்பக்கம் குனிந்து ஏறி, எதிரெதிர்ப் பலகையில் முட்டி இடிக்க உட்கார வேண்டும். நெரிசலில் எங்கள் ஆரணி ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன். இறங்க வேண்டிய இடம் வந்தால் "பாரா!" என்று டிரைவருக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுக்க வேண்டும். இங்கேதான் சங்கடம். நான் வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. ஹானாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஸ்கூல் வந்தது, ஸ்கூல் போனது. கடைசி நிறுத்தத்தில் வண்டி தானாக நின்றபோது இரண்டு பேரும் இறங்கி, மழையில் திரும்பி நடந்தோம்.

வாசலில் காவலாளியிடம், வகுப்பு ஆரம்பித்துவிட்டதா என்று மெல்லக் கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தினார். பதில் வரும் என்று நின்றேன். மறுபடி புருவத்தை உயர்த்தினார். அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அவ்வளவுதான் பதில் என்று ஹானா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் வகுப்புதான் எனக்கு முக்கியமான வகுப்பு. பழைய எஸ்.டி.டி. பூத் அளவுக்கு ஒரு அறை, அதில் ஓர் ஆசிரியை, ஒரு மாணவி. பேச்சு மட்டும்தான். மணி அடித்தபின் வந்தால் அந்த அறைக்குப் போக முடியாது. படிக்கிற கூடத்தில் உட்கார்ந்து புத்தகம் புரட்ட வேண்டும். முதல் வாரத்தில் பாதி நாள் நான் கூடத்தில்தான் இருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து வருவதற்குள் ஜீப்னி நிரம்பிப் போய்விடும்.

என் ஆசிரியை ஜாய்க்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். உள்ளே போக முடிந்த ஒரு நாள், அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நீ இன்னா பண்றன்னு நான் பாத்துகினுதான் இருக்கேன். மொதல்ல மனசுக்குள்ள உங்க பாஷையில சொல்ற. அப்புறம் அத்த மாத்தற. அப்புறம் தப்பு இருக்கான்னு பாக்கற. அப்புறம்தான் வாயத் தெறக்கற. அதுக்குள்ள எதிர்ல இருக்கறவன் சாப்டவே போயிடுவான், ரேபா." அவர்கள் வாயில் நான் ரேபா ஆகியிருந்தேன். "அது கெடக்கட்டும். ஏன் தெனிக்கும் லேட்டு?"

அதைச் சொல்ல வேண்டுமானால் சகுனத்தைச் சொல்ல வேண்டும், மல்லிகா அக்காவைச் சொல்ல வேண்டும், கண்ணமங்கலம் பஸ்ஸைச் சொல்ல வேண்டும். தமிழில் என்றால் ஒரு பாவு பிணைத்து முடிக்கிற வரைக்கும் சொல்லுவேன். "மழை" என்றேன். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜாய் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

காலையில் கேட்டருகே நாங்கள் மூன்று பேரும் நடத்திய கூத்தை யாராவது படம் பிடித்திருக்கலாம். ஹானாவின் ஊரில் கிளம்புகிறவர்கள் "போய்ட்டு வரேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டுமாம், வீட்டில் இருப்பவர் "போய்ட்டு வா" என்று சொன்னால்தான் நகருவார்களாம். அவள் இங்கிலீஷில் அதைச் சொல்லிவிட்டு நிற்பாள். டீட்டாவோ பதிலுக்கு "எங்க போற?" என்பார். நான் செருப்பைக் கழற்றுவேன். பிரவுனி குரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டீட்டா ஒரு கட்டு கீரையைக் கொண்டுவந்து மேஜை மேல் போட்டார். பார்த்ததும் கத்திவிட்டேன். முருங்கைக் கீரை! இஞ்சி தட்டிப்போட்ட கோழிச்சாறில் சௌசௌவும் முருங்கைக் கீரையும் சேர்த்துக் கொதிக்கவைப்பார்களாம். நான் ஒரு கொத்தை எடுத்துக் காம்பைப் பிடித்து உருவ ஆரம்பித்தேன். என் வேகத்தைப் பார்த்து டீட்டா முறத்தையே என் பக்கம் தள்ளிவிட்டார். எதிரில் ஹானா ஒவ்வொரு இலையாகக் கிள்ளி, பக்கத்தில் அழகாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

உருவிக்கொண்டே இருந்தேனா, எப்போது பேச ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி வந்த கதை, அப்பாவின் நகக்கண்ணில் சாயம் ஒட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் கை நீட்டக் கூச்சப்படுகிற கதை, தெருவில் பாவு நூலை நீட்டிப் போட்டிருக்கும்போது அதைத் தாண்டாமல் எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிற கதை. எல்லாம் இங்கிலீஷில். எப்படிப்பட்ட இங்கிலீஷ் என்று கேட்காதீர்கள். வினைச்சொல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆனால் வாய் நிற்கவில்லை. கைக்கு வேலை கிடைத்ததும் அது பாட்டுக்கு ஓடியது. ஹானா இலை கிள்ளுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள்.

அந்த வேகத்தில்தான் அதையும் சொன்னேன். எங்கள் ஊரில் கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது, கேட்டால் காரியம் கெடும், "தூரமா?" என்று மட்டும் கேட்பார்கள், நீங்கள் தினமும் கேட்கிறீர்கள், அதனால்தான் நான் தினமும் உள்ளே ஓடுகிறேன், அதனால்தான் வகுப்பு போகிறது என்று. சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

டீட்டா சிரிக்கவில்லை. உருவிய கீரையைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். "அப்ப நான்தான் உன் கிளாஸ கெடுத்துகினு இருந்தேனா?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். ஏனோ அப்போது மட்டும் இங்கிலீஷ் வரவில்லை.

திங்கட்கிழமை காலை நான் செருப்புப் போட்டேன். டீட்டா அடுப்படியில் இருந்தார். எட்டிப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்தேன், சத்தம் கேட்டிருக்கும். ஒன்றும் இல்லை. ஜீப்னி உடனே கிடைத்தது, வகுப்புக்கு முதல் ஆளாய்ப் போனேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். ஒரு நாள்கூடக் கூடத்தில் உட்காரவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் முதுகுப் பக்கம் வெறிச்சென்று இருந்தது. ஹானாவிடம் மட்டும் அவர் வழக்கம்போல "எங்க போற?" என்பார். அவள் "ஸ்கூல்!" என்று சொல்லிவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஹானாவுக்குத் தலைவலி, வீட்டில் படுத்துவிட்டாள். எனக்குச் சந்தையைப் பார்க்க ஆசை. கிளம்பினேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சந்தையில் ஸ்ட்ராபெர்ரியும் காலிபிளவரும் மலைபோல் குவிந்திருந்தன. பராக்குப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறியது வேறு ஜீப்னி. மூடுபனி இறங்கிவிட்டதால் அது வேறு மலையில் ஏறுவது எனக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருந்தது. போனை எடுத்தேன், செத்துக் கிடந்தது. என் முகத்தைப் பார்த்து, எதிரில் சௌசௌ மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார்.

"எங்க போற?"

உள்ளே ஓடிப்போய் உட்கார அங்கே வீடு இல்லை. தண்ணீரும் இல்லை. பதில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லப் போனால்தான் தெரிகிறது, டீட்டா வீட்டுத் தெருவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"நீல கேட்டு" என்றேன்.

"இந்த ஊர்ல நீல கேட்டு நூறு இருக்கு, தங்கச்சி."

"நாய் இருக்கு. பேரு பிரவுனி."

வண்டியே சிரித்தது. "எங்க வீட்டு நாயும் பிரவுனிதான்" என்றார் ஓரத்திலிருந்த பெரியவர். "இந்த வண்டியில இருக்கற எல்லார் வீட்லயும் பிரவுனிதான் இருக்கும். வேற இன்னா தெரியும், சொல்லு."

சொன்னேன். இறக்கம், இறக்கத்தில் ஒரு பெட்டிக்கடை, கடைக்காரருக்கு ஒரு பல் இல்லை, மேலே ஒரு சர்ச், பாதிப் பச்சை பாதி வெள்ளை. பேசிக்கொண்டே போனேன். டீட்டா லூஸ் எப்படிச் சிரிப்பார் என்று செய்தும் காட்டினேன். மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்க்க நேரமே இல்லை. ஒருவர் அந்தச் சர்ச் இந்தப் பக்கம் என்கிறார், இன்னொருவர் அது வேறு சர்ச் என்கிறார், டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தீர்ப்புச் சொல்கிறார். ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டால் இப்படித்தான் நாலு பேர் கூடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் நான் படிக்கிற இடத்தின் பெயரைச் சொன்னதும், "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று சௌசௌ அம்மாள் தொடையில் தட்டினார். எல்லாரும் சேர்ந்து "பாரா!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். என் சத்தம்தான் பெரிதாக இருந்தது. அந்த அம்மாள் இறங்கி, எனக்குச் சரியான வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

ஸ்கூல் வாசலில் டீட்டா நின்றுகொண்டிருந்தார். குடையைப் பிடித்திருந்தார், ஆனால் முழுக்க நனைந்திருந்தார். காவலாளி என்னைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

"மார்க்கெட்டுல பாத்தேன், சர்ச்சுல பாத்தேன், பார்க்குல பாத்தேன்" என்றார் டீட்டா. திட்டுவதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "எங்கன்னு தேடுவேன்? நீ சொல்லல. நான் கேக்கல. கேக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

வீட்டுக்கு வரும் வழியில் ஜீப்னியில் என் கையை விடவே இல்லை. இறங்கி நடக்கும்போது சொன்னார். அவருக்கு கிரேஸ் என்று ஒரே மகள். குவைத்தில் ஒரு வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. "அவ கெளம்பன அன்னிக்கு மட்டும் நான் கேக்கல. கேட்டா ரெண்டு பேரும் அழுதுடுவோம்னு பேசாம இருந்துட்டேன். போன்ல தெனிக்கும் பேசறா. ஆனா எந்தத் தெரு, எந்த வூடு, எனக்குத் தெரியாது. அவளுக்கே சரியா சொல்லத் தெரியல. ஒண்ணுன்னா நான் எங்கன்னு போயி தேடுவேன்?"

தினமும் காலையில் நான் கிளம்பும்போது, அந்த மகள் கேட்டைத் தாண்டுவதைத்தான் அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை நான் செருப்புப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கே போய் நின்றேன். டீட்டா திரும்பிப் பார்த்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"கேளுங்க டீட்டா."

"வேணாம். உனக்குக் காரியம் கெட்டுடும்."

"கெடட்டும். கேளுங்க."

தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் சொன்னேன். துணிகளைத் துவைக்கக் கொடுக்கப் போகிறேன், அங்கிருந்து ஜாயோடு ஊர்ப் பூங்காவுக்குப் போகிறேன், மத்தியானம் வந்துவிடுவேன், எந்த ஜீப்னி, எங்கே இறங்குவேன் எல்லாம். அவர் புருவத்தை உயர்த்தினார். அன்றிலிருந்து அங்கே இருந்த நாட்களெல்லாம் அதுதான் என் முதல் வகுப்பு. ஜாயின் வகுப்பு அதற்கு அப்புறம்தான். பதில் வரவர நீண்டுகொண்டே போனதால் மறுபடி ஜீப்னியைத் தவறவிட ஆரம்பித்தேன் என்பது வேறு விஷயம்.

கிளம்புகிற அன்று பெட்டியோடு கேட்டருகே நின்றேன். ஹானா குனிந்து, "போய்ட்டு வா" என்றாள். நான் எங்கேயும் போய்விட்டு வரப்போவதில்லை, திரும்பிப் போகிறேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். டீட்டா பிரவுனியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் தமிழிலேயே கேட்டார்.

"தூ...ர...மா?"

"தூரந்தான் டீட்டா" என்றேன். அப்புறம் இங்கிலீஷில் எங்கள் வீட்டுக்கு வழி சொன்னேன். வேலூரில் இறங்கி, ஆரணி பஸ் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சாயப் பட்டறை எங்கே என்று கேட்க வேண்டும், தெருவில் பாவு நீட்டியிருந்தால் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வரவேண்டும், வாயாடி ரேவதி வீடு என்றால் காட்டுவார்கள். எல்லாவற்றையும் அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கேட்டைத் திறந்தார்.

கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்த நாள். காலையில் அம்மா வாசலில் காவல் இருப்பது போல் நின்றுகொண்டு, மல்லிகா அக்கா வீட்டுப் பக்கம் கண் வைத்திருந்தார். நான் படியில் கால் வைத்ததும் போன் அடித்தது. டீட்டா லூஸ். எடுத்ததும் கேள்விதான், வேறென்ன. ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நான் பாகியோவிலிருந்து வந்து அந்தக் கேள்வியைப் பேசிக் காட்டிக் காட்டி அது மட்டும் நன்றாகத் தெரியும். "அய்யய்யோ, இன்னிக்கிப் போயா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார்.

நான் படியிலேயே நின்று பதில் சொன்னேன். எங்கே போகிறேன், எந்த பஸ், அங்கே வட்டமாக உட்கார வைப்பார்கள், போன தடவை நான் ஊமையாக இருந்தேன், இந்தத் தடவை முதலில் பேசப் போகிறேன். தறிச் சத்தம் ஒன்றிரண்டு நின்றது. "யாருடி போன்ல, இம்மாம் பேச்சு?" என்றார் மல்லிகா அக்கா. அம்மா நீட்டிய தண்ணீரை நின்றுகொண்டே குடித்தேன். "ஒக்காந்து குடி" என்றார். உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்த வட்டத்தில் கைக்குட்டையின் ஓர நூலை இரண்டு விரலால் முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யார் ஆரம்பிக்கிறீர்கள் என்று கம்பெனிக்காரர் கேட்டு முடிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். நடுவில் மற்றவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள்.

சேதி வந்த அன்று அம்மா ஒரு வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது, புனேவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் விரல் ஓர் இழையை நழுவவிட்டு நின்றுவிட்டது. வேலை நடுவில் அந்தக் கை நின்று நான் பார்த்ததில்லை.

"எங்க போற?" என்று கேட்டார்.

பிறந்ததிலிருந்து அம்மா என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை.

"புனேம்மா."

"அது தெரியிது. புனேவுல எங்க? தெரு பேரு இன்னா?"

"இன்னும் தெரியலம்மா."

"தெரு பேரு தெரியாம எங்கன்னு தேடறது?" என்றார் அம்மா. என்னைப் பார்க்காமல், விட்ட இழையைத் தேடி எடுத்து, முறுக்க ஆரம்பித்தார்.